கோட் போட்ட போட்டோ

எங்கள் பக்கத்தில் ஓர் ஆம்பிளை கோட் போட்டுக்கொண்டு போட்டோவில் தெரிந்தால், ஒன்று கல்யாண வரவேற்பு, இல்லையென்றால் கண்ணீர் அஞ்சலி. நடுவில் வேறு எதற்கும் யாரும் கோட் போடுவதில்லை. திண்டிவனத்து வெயிலில் போடவும் முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பங்குனியில் நான் செய்த முட்டாள்தனத்துக்கு என்னிடம் இருக்கும் ஒரே சமாதானம் இதுதான். அதுவும் பெரிய சமாதானம் இல்லை.

என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. புதுச்சேரி சாலையில் ஊர் முடிகிற இடத்தில் இருக்கும் தொடக்கப் பள்ளி. பெற்றோர்களை வைத்து நடத்தும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு என்னைத் தலைவியாக்கியிருந்தார்கள். ஆக்கினார்கள் என்றால் வேறொன்றுமில்லை, 'யார் பொறுப்பு எடுத்துக்கறீங்க' என்று கேட்டபோது எல்லாரும் தரையைப் பார்த்தார்கள், நான் மட்டும் நிமிர்ந்து பார்த்துத் தொலைத்தேன். எனக்கு வேலை விழுப்புரத்தில், ஓர் அலுவலகத்தில். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். அந்தப் பயணத்தில்தான் பள்ளிக் காரியமெல்லாம் நடக்கும். பெற்றோர் குரூப்பை நடத்துவது நான்தான். யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யார் புது வீட்டில் பால் காய்ச்சினார்கள், எந்தப் பிள்ளைக்குக் காது குத்தல், எல்லாச் சேதியும் என் போனுக்கு வந்துவிடும். அவற்றைத் தொகுத்து ஆண்டறிக்கையில் 'நம் பள்ளிக் குடும்பச் செய்திகள்' என்று ஒரு பக்கம் சேர்த்து, ஆண்டு விழா மேடையில் படிக்கலாம் என்பது என் யோசனை. யாரும் கேட்கவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி நான்தான்.

விழாவுக்கு எட்டு நாள் இருந்தது. காலை பஸ், கூட்டேரிப்பட்டைத் தாண்டிவிட்டது. உட்கார இடமில்லை. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன். குரூப்பில் ஒரு போட்டோ வந்து விழுந்தது. நீலப் பின்னணி, கறுப்புக் கோட், சிவப்பு டை, நெற்றியில் கொஞ்சம் விபூதி, விறைத்துப் பார்க்கும் கண். பார்த்ததும் தெரிந்துவிட்டது, என் மகளோடு படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா. கிளியனூர்ப் பக்கம் கொஞ்சம் சொந்த நிலம், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவார்கள். மற்ற நாளில் அவர் லோடு வண்டி ஓட்டுவார். போட்டோ வந்தது அவர் மனைவியின் எண்ணிலிருந்து. அதோடு ஓர் எழுத்துகூட இல்லை.

குரூப்பில் ஒருவர் இருக்கிறார். தினமும் விடிவதற்குள் ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் போடுவார். அவர்தான் முதலில் 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டு இரண்டு கூப்பின கையையும் வைத்தார். அடுத்து ஒருவர். அடுத்து நான்கு பேர். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த மனைவியைக் கூப்பிட்டு 'என்னம்மா ஆச்சு' என்று ஒரு வார்த்தை. அரை நிமிஷ வேலை. செய்தேனா? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், அவசரக்காரிக்கு அந்த மட்டும் கிடையாது. தலைவியாயிற்றே, ஒரு கூப்பின கையோடு விட முடியுமா? நான்கு வரி எழுதினேன். 'நம் பள்ளிக் குடும்பத்தில் ஒருவரை இழந்து தவிக்கிறோம்' என்று ஆரம்பித்து, அவர் பெயர், மகளின் வகுப்பு, பிரிவு எல்லாம் போட்டு முடித்தேன். அதுவரைக்கும் அது சந்தேகம். நான் எழுதியதும் அது செய்தி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு ஆட்கள் திபுதிபுவென்று வந்து அழுதார்கள். விக்கிரவாண்டி வருவதற்குள் நாற்பது பேருக்கு மேல்.

அதோடு விட்டேனா, அதுவும் இல்லை. அலுவலகத்தில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஆண்டறிக்கைக் கோப்பைத் திறந்து, குடும்பச் செய்திகளின் கடைசியில் 'துயரச் செய்தி' என்று ஒரு பத்தி சேர்த்து, தலைமையாசிரியைக்கு அனுப்பிவிட்டேன். வருஷம் முழுக்க எந்த வேலையையும் நான் அவ்வளவு சுறுசுறுப்பாகச் செய்ததில்லை.

பதினோரு மணிக்கு அந்த மனைவி கூப்பிட்டாள். நான் குரலைத் தாழ்த்தி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு எடுத்தேன்.

"அக்கா, அவரு இங்கதான்கா இருக்காரு. கேப்பக் கூழு குடிச்சிக்கினு இருக்காரு. என்னாத்துக்கு எல்லாரும் கும்புட்டு கும்புட்டுப் போட்டிருக்கீங்க?"

நடந்தது இவ்வளவுதான். பிள்ளைகளின் அடையாள அட்டைக்கு அப்பா போட்டோ வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்டிருந்தார். அவள் புருஷன் வளைகுடா நாட்டுக்கு டிரைவர் வேலைக்குப் போகிறார், அதற்காகப் போன வாரம்தான் புதிதாகப் போட்டோ எடுத்திருந்தார். கூடவே ஒன்று அழகாக இருக்கட்டும் என்று ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரிலேயே அவருக்குக் கோட் மாட்டி டையும் கட்டிவிட்டிருக்கிறார். அது அவளுக்குப் பிடித்துவிட்டது. தலைமையாசிரியைக்கு அனுப்புவதாக நினைத்து குரூப்பில் போட்டுவிட்டு, போனை வீட்டில் சார்ஜில் வைத்துவிட்டு, மல்லாட்டை பிடுங்க நிலத்துக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து பார்த்தால் புருஷன் செத்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

நான் குரூப்பில் தவறு நடந்துவிட்டது என்று எழுதினேன். உடனே ஒவ்வொருவராகத் தங்கள் இரங்கலை அழிக்க ஆரம்பித்தார்கள். போனை மேலே தள்ளத் தள்ள 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது', 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று நாற்பது தடவை. 'மன்னிச்சுக்கம்மா' என்று ஒரு ஜென்மம் எழுதவில்லை. ரோஜாப்பூக்காரர் மறுநாள் காலை வழக்கம்போல ரோஜாப்பூ போட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை குரூப்பிலிருந்தே தூக்கியிருப்பேன். ஆனால் எந்த முகத்தோடு தூக்குவது? அவர் இரண்டு கை வைத்தார், நான் நான்கு வரி எழுதினேன்.

பெரியவர்கள் கதை இப்படி. பிள்ளைகள் கதை என் மகள் சொல்லித்தான் தெரிந்தது. மதியம் சத்துணவுக்குத் தட்டு கழுவும் இடத்தில் யாரோ அந்தப் பெண்ணிடம், உங்க அப்பா செத்துட்டாராமே என்று கேட்டிருக்கிறார்கள். காலையில என்ன வண்டில கொண்டாந்து வுட்டுட்டுத்தானே போனாரு என்று அவள் சொல்லியிருக்கிறாள். அப்புறம்தான் செத்தாராம் என்றிருக்கிறது இன்னொரு வாண்டு. அவள் சாப்பிடவில்லை. சாயங்காலம் அப்பா வண்டி கேட்டுக்கு வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறாள்.

அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் மல்லாட்டைக் கொடி குவியலாகக் கிடந்தது, அவர் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். இப்படிச் சேதி வந்தால் ஆயுசு கெட்டி என்பார்கள், விடுங்க மேடம் என்றார். அவர் மனைவி சிரிக்கவில்லை. ஊர் விட்டு ஊர் போகிற நேரத்தில் இப்படியா ஆக வேண்டும் என்று ஒரு தடவை சொன்னாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து காய் ஆய ஆரம்பித்தாள். அவள் திட்டியிருந்தால்கூட நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். அந்தப் பெண் அப்பாவின் முதுகில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்தாள்.

கிளம்பும்போது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பாப்பா டான்ஸ் எத்தினி மணிக்கு வரும் மேடம்? விழா அன்னிக்கித்தான் நான் கெளம்பறேன். அஞ்சு மணிக்கு ஏஜென்ட்டு வேன் ஸ்கூலாண்ட வந்துடும். மரக்காணத்து ஆளுங்க மூணு பேரு இருக்காங்க, எனக்காக நிக்காது. அப்புறம் ரெண்டு வருசம் ஆவும் நான் வர்றதுக்கு."

அவள் இரண்டு மாதமாக அந்த மூன்று நிமிஷ நடனத்தைப் பழகிக்கொண்டிருந்தாள். என் மகளும் அதில் உண்டு. அழைப்பிதழில் விழா இரண்டு மணி. கடவுள் வாழ்த்து, வரவேற்பு, பொன்னாடை, ஆண்டறிக்கை, உடனே நடனம். எப்படி இழுத்தாலும் மூன்றரைக்குள் முடிந்துவிடும். நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அறிக்கையிலிருந்து அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, தலைமையாசிரியைக்குத் திரும்ப அனுப்பினேன். அதே பெயரில். பழைய கோப்புக்கும் புதிய கோப்புக்கும் ஒரே பெயர். இதை அப்போது நான் யோசிக்கவே இல்லை.

விழா நாள். நான் விடுப்பு எடுத்திருந்தேன். ஷாமியானாவுக்குக் கீழே அனல். பிள்ளைகள் ஒரு மணிக்கே பவுடரும் லிப்ஸ்டிக்கும் போட்டுத் தயார், இரண்டு மணிக்கு அது உருகிக் கழுத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் அப்பா மூன்றாவது வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். புது ஜீன்ஸ், புதுச் சட்டை, காலடியில் ஒரு பெரிய பை. இரண்டு மணி ஆயிற்று, இரண்டரை ஆயிற்று. சிறப்பு விருந்தினர் வரவில்லை. அவர் எங்கள் வட்டாரத்துப் பெரிய புள்ளி. இதோ வந்துகொண்டிருக்கிறார் என்று மூன்று மணிக்குச் சொன்னார்கள். அப்போது அவர் வீட்டைவிட்டே கிளம்பவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது.

நான் தலைமையாசிரியையிடம் போய் நின்றேன். விருந்தினர் வருவதற்குள் மூன்றாம் வகுப்பு நடனத்தை மட்டும் முடித்துவிடலாம், அந்தப் பெண்ணின் அப்பா வெளிநாடு கிளம்புகிறார் என்று கெஞ்சினேன். விருந்தினர் இல்லாமல் எப்படி ஆரம்பிப்பது, அழைப்பிதழில் வரிசை அச்சாகிவிட்டதே, அவர் கோபித்துக்கொண்டால் சுற்றுச்சுவர் கட்டித் தர மாட்டாரே என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டார் என்பது எனக்குப் புதுசில்லை. நான்கு வருஷமாக அந்தச் சுற்றுச்சுவரைக் காட்டியே எங்களை எல்லாம் நிற்க வைத்திருந்தார்கள். எனக்கு அப்படியே அந்த அழைப்பிதழைக் கிழித்துப் போட்டால் என்ன என்று வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து பொன்னாடைத் தட்டைத் தூக்கிக்கொண்டேன்.

நான்கு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சிறப்பு விருந்தினர் வந்தார். விளக்கேற்றினார்கள். வரவேற்புரையில் அவருடைய பட்டங்களைச் சொல்லவே ஐந்து நிமிஷம். அப்புறம் பொன்னாடை. ஒருவருக்குப் போர்த்தி, போட்டோ எடுத்து, போட்டோ சரியாக வரவில்லை என்று கழற்றித் திரும்பப் போர்த்தி, இப்படிப் பதினோரு பேருக்கு. தட்டை ஏந்திக்கொண்டு நான் நிற்கிறேன். மூன்றாவது வரிசையில் அவர் போனை எடுத்து மணி பார்க்கிறார், வைக்கிறார், எடுக்கிறார். மேடைத் துணியின் ஓரத்தில் பச்சைப் பட்டுப் பாவாடை தெரிகிறது. அவர் மகள் ஒற்றைக் கண்ணால் அப்பா இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

நாலு முப்பதுக்கு ஆண்டறிக்கை. படிக்க வந்தது அந்த வாரம்தான் விழுப்புரத்திலிருந்து மாற்றுப் பணிக்கு வந்திருந்த ஓர் ஆசிரியை. அவருக்கு ஊரும் தெரியாது, எங்கள் கூத்தும் தெரியாது. தலைமையாசிரியை போனிலிருந்து அச்செடுத்துக் கொடுத்த தாளை நிறுத்தி நிதானமாகப் படித்தார். முதலில் பள்ளியின் சாதனைகள். அப்புறம் என் அருமைக் குடும்பச் செய்திகள். இரட்டைக் குழந்தை பிறந்ததற்குக் கைதட்டினார்கள். ஒரு பையனின் அண்ணன் போலீஸ் வேலைக்குத் தேர்வானதற்குத் தட்டினார்கள். புது வீடு, காது குத்தல். இதோ முடிந்தது, நாலே முக்கால்தான் ஆகப்போகிறது, நடனத்துக்கு நேரம் இருக்கிறது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆசிரியை பக்கத்தைத் திருப்பினார். குரலைத் தாழ்த்தினார்.

அந்தக் குரலைக் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது, அச்சானது பழைய கோப்பு. என்ன வரப்போகிறது என்று அந்த ஷாமியானாவில் எனக்கு மட்டும்தான் தெரியும். தட்டைக் கீழே வைக்க இடம் தேடினேன். அதற்குள் 'நம் பள்ளிக் குடும்பத்தில் ஒருவரை இழந்து தவிக்கிறோம்' என்று என் வரிகள் மைக் வழியாக என் காதிலேயே விழுந்தன. அவர் பெயர். மகளின் வகுப்பு, பிரிவு. அன்னாரின் ஆன்மா சாந்தியடைய.

தலைமையாசிரியையின் முகம் வெளுத்தது. எழுந்து மைக்கைப் பிடிக்கப் போனார். ஆனால் சிறப்பு விருந்தினர் முந்திக்கொண்டார். அவருக்கு வாரத்துக்கு நாலு சாவுக்குப் போய்ப் பழக்கம். பெயரைக் கேட்டதும் துண்டைச் சரிசெய்து, கையைக் கட்டி, தலையைக் குனிந்து எழுந்து நின்றுவிட்டார். அவர் எழுந்தால் மேடை எழும். மேடை எழுந்தால் கூட்டம் எழும். அவர் எழுந்து நின்ற பிறகு 'ஐயா, ஆள் உயிரோடுதான் இருக்கிறார், உட்காருங்கள்' என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் தைரியம் கிடையாது. தலைமையாசிரியைக்கு இல்லை. தட்டோடு நின்ற எனக்கும் இல்லை.

நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்தன. எல்லாரும் நின்றார்கள். விஷயம் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் மூன்றாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கோ ஒரு சிரிப்பு வெடித்து அடங்கியது. அங்கே அவரும் மனைவியும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் வாய் ஏதோ சொல்லத் திறந்தது. அவர் அவள் கையின்மேல் தன் கையை வைத்து அழுத்தினார். எழுந்தார். கையைக் கட்டிக்கொண்டார், தலையைக் குனிந்துகொண்டார். எல்லாரோடும் சேர்ந்து அவரும் தனக்கு அஞ்சலி செலுத்தினார்.

மேடைத் துணியின் ஓரத்தில் அந்த ஒற்றைக் கண் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் என்பது அவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பெரிய மனிதர் தலையைத் தூக்கியதும் எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஆசிரியை அடுத்த வரியைப் படித்தார்: "இப்போது மூன்றாம் வகுப்பு மாணவிகளின் நடனம்."

பாட்டு ஆரம்பித்தபோது நாலு ஐம்பது. எட்டுப் பெண்கள். என் மகள் முன் வரிசையில் இருந்தாள், அவள் என்ன ஆடினாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் பார்த்தது இரண்டாவது வரிசையில் ஓரத்தில் ஆடிய பச்சைப் பாவாடையைத்தான். திரும்பச் சொன்ன பக்கம் அவள் திரும்பவில்லை. உடம்பு எந்தப் பக்கம் போனாலும் முகம் மூன்றாவது வரிசையிலேயே இருந்தது. அவர் எல்லா அப்பாக்களையும்போலப் போனைத் தூக்கிப் படம் பிடிக்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா பார்த்தார். சாலையில் வேன் ஹாரன் அடித்தது. திரும்ப அடித்தது. பாட்டு முடிந்து பிள்ளைகள் கும்பிடும்வரை அவர் அசையவில்லை. அப்புறம் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மேடையைப் பார்த்து ஒரு கையை உயர்த்திக் காட்டிவிட்டு வெளியே நடந்தார்.

தட்டை யார் கையிலோ திணித்துவிட்டு நான் கேட்டுக்கு ஓடினேன். வேன் படியில் ஒரு கால் வைத்திருந்தார், மனைவி பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு மூச்சு வாங்கியது. தப்பு என்மேல்தான், இரண்டு தடவையும் என்மேல்தான், நீங்கள் அங்கேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சும்மா ஏன் நின்றீர்கள் என்று கேட்டேன். என் குரலில் கோபம்கூட இருந்தது. யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை.

"நான் உயிரோட கீறேன்னு சொல்லியிருந்தா, அந்தாளு மைக்கப் புடிச்சி மன்னிப்பு கேக்கறதுக்கே கால் மணி நேரம் ஆயிருக்கும் மேடம். அப்புறம் எனக்கு ஒரு பொன்னாட போத்துவாங்க, அத்த போட்டோ எடுப்பாங்க. பேஜாரு. ஒரு நிமிசந்தானே, நின்னுட்டா ஜல்தியா டான்ஸ் வந்துடும்ல."

வேன் போய்விட்டது. அவர் மனைவி என்னைப் பார்த்தாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் உள்ளே நடந்தோம். மைக்கில் சிறப்பு விருந்தினர் பேச ஆரம்பித்திருந்தார், சுற்றுச்சுவர் விரைவில் வரும் என்றார்.

மேடைக்குப் பின்னால் படியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். மை கன்னம் வரைக்கும் இறங்கியிருந்தது. அம்மா சலங்கையைக் கழற்றக் குனிந்தாள். அவள் அம்மாவைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டாள்.

"ஆண்ட்டி, எங்க அப்பா செத்துட்டாருன்னு டீச்சர் படிச்சாங்க இல்ல, அப்ப அப்பாவும் எழுந்து நின்னுக்கினு இருந்தாரு. நான் பாத்தேன். அவரு ஏன் நின்னாரு?"

"உன் டான்ஸைப் பார்த்துட்டுப் போகணும்னுதான்டா" என்றேன்.

அவள் முதுகைத் திருப்பிக் காட்டி, ஊக்கு குத்துகிறது, கழற்றி விடுங்கள் என்றாள். நான் கழற்றி விட்டேன்.